ஐம்பத்துமூன்று வயதுக்கு ஏற்ற முடி

என் தெருவில் எனக்கு டோப்பாக்காரி என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டோப்பா என்பது நாடகத்துக்கு மாட்டிக்கொள்வது. நான் செய்வது ஆண்களுக்கான முடி. மெல்லிய வலையில் ஒவ்வொரு முடியாகக் கொக்கி ஊசியால் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு தலைக்கு மூன்று வாரம் கழுத்து ஒடியக் குனிந்து உட்கார வேண்டும். அதை வைத்துக்கொண்டு போகிறவரைப் பார்த்து யாராவது "முடி நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டால் அது தோற்றுப்போன வேலை. யாரும் எதுவும் சொல்லக் கூடாது. எனக்குக் கிடைக்கிற பாராட்டு அதுதான்.

வருகிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றைத்தான். கருகருவென்று வேண்டும், அடர்த்தியாக வேண்டும். கன்னம் தொங்கியிருக்கும், கண்ணுக்குக் கீழே பை விழுந்திருக்கும், கழுத்து மடிப்பு மடிப்பாக இருக்கும். மேலே மட்டும் கல்லூரிப் பையனின் தலை வேண்டுமாம். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் நான் மறுத்ததும் கோபித்துக்கொண்டு வேறு இடத்தில் அப்படிச் செய்து மாட்டிக்கொண்டார். அவர் துணியை விரித்துக் காட்டினால் வந்தவர்கள் துணியைப் பார்ப்பதில்லை. ஆறே மாதத்தில் என்னிடமே திரும்பி வந்தார். முன்நெற்றியை ஒரு விரல் மேலே ஏற்றினேன். இரண்டு ஓரங்களையும் கொஞ்சம் உள்வாங்க விட்டேன். காதோரத்தில் நூற்றுக்கு முப்பது நரை, உச்சியில் நூற்றுக்குப் பத்து. முகத்துக்கு என்ன வயதோ அதுதான் தலைக்கும். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. அந்தத் திமிரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லிஃப்ட்காரர் ஒரு மத்தியானம் வந்தார். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக். எவ்வளவு கழுவினாலும் போகாத கிரீஸ் கறுப்பு நகக்கண்களில் இருந்தது. வயது ஐம்பத்துமூன்று. உச்சந்தலை பளபளவென்று இருந்தது, காதுக்கு மேலே மட்டும் வேலி போட்ட மாதிரி கொஞ்சம். அதில் அவருக்கு வெட்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. என் கடைக்குள் நுழைகிற ஆண் முதலில் கண்ணாடியைப் பார்ப்பான், பிறகு வாசலைப் பார்ப்பான். இவர் இரண்டையும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது நான்தான் மேடம், இருபத்தாறு வயசுல. அச்சு அசலா இதே மாதிரி வேணும்."

இடது வகிடு. நெற்றியில் சரிந்து விழுந்த கறுப்பு முடி, சீப்புக்கு அடங்காத அடர்த்தி.

"என்ன சார், ரெண்டாங் கல்யாணமா?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் சிரிக்கவில்லை. "எங்கம்மாவுக்கு ஞாபகம் போயிட்டிருக்கு மேடம். கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போறாங்க. எனக்கு வழுக்கை விழுந்தது, வயசானது எல்லாம் அவங்களுக்கு அழிஞ்சு போச்சு. என்னை டாக்டர்னு நினைச்சிட்டிருக்காங்க. 'வாங்க டாக்டர், உக்காருங்க டாக்டர்'னு ஒரே உபசாரம். இந்தப் போட்டோவை என்கிட்டயே காட்டி, 'இவன்தான் என் பையன், எவ்வளவு முடி பாருங்க, உங்களை மாதிரி இல்ல'ங்கிறாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு நின்றதும் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"உடம்பும் இறங்கிட்டே வருது. நாலஞ்சு மாசந்தான்னு சொல்லிட்டாங்க. என்னை அடையாளம் தெரிஞ்சு ஒரே ஒரு தடவை 'வாடா'ன்னு சொல்லணும் மேடம். அவ்வளவுதான் எனக்கு வேணும். அந்த வாய் இப்ப எனக்கு வாங்க போங்கன்னு மரியாதை குடுக்குது. தாங்க முடியல."

அவர் தலையில் பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி, மேலே டேப்பை வரிசை வரிசையாக ஒட்டினேன். அது காய்ந்த ஓடு மாதிரி விறைத்ததும் அதன்மேல் மார்க்கரால் முன்நெற்றிக் கோட்டை வரைந்தேன். வரையும்போது எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை இவரிடமும் கேட்டேன். அப்பாவின் முடி எப்படி இருந்தது என்று தெரிந்தால், மகனுக்கு முடி கொட்டாமல் இருந்திருந்தால் எப்படி ஆகியிருக்கும் என்று ஒரு மாதிரி ஊகித்துவிடலாம்.

"உங்கப்பாவுக்கு முடி கொட்டிச்சா சார்?"

"இல்ல. சாகிற வரைக்கும் இருந்தது."

"நரை?"

"காதோரத்துல. முன்னாடியும் கொஞ்சம்." பிளாஸ்டிக்குக்குள் அவர் நெற்றி வியர்த்தது. "அவர் பேச்சு வேண்டாமே மேடம்."

ஏதோ சொத்துத் தகராறு போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தவர் குடும்பத்தில் நான் மூக்கை நுழைப்பதில்லை. காதோரம், முன்பக்கம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த மூன்று வாரமும் போட்டோ என் மேஜை விளக்குக்குக் கீழேயே இருந்தது. வகிட்டை அப்படியே எடுத்தேன். முடி சரிகிற பக்கத்தை எடுத்தேன். சுழியைக்கூட அதே இடத்தில் வைத்தேன். ஆனால் கறுப்பை எடுக்கவில்லை. போட்டோவில் இருந்தவன் இருபத்தாறு வயதுப் பையன். என் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மூக்கிலிருந்து வாய்வரை இரண்டு பள்ளம். அந்த முகத்துக்கு மேலே அந்த முடியை வைத்தால் பெற்றவள் மிரண்டுபோவாள், நரை கலந்தால்தான் நம்புவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் கையிலிருந்து ஒரு டோப்பா வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காதோரத்தில் நூற்றுக்கு முப்பது, முன்பக்கத்தில் பதினைந்து, ஓரங்களில் கொஞ்சம் ஏற்றம். முதல் வரிசையில் ஒற்றை முடியாகவும் அடுத்த வரிசையில் இரட்டையாகவும் போட்டு, முடிச்சுத் தெரியாமல் வெளுக்க வைத்து முடித்தபோது என்னையே மெச்சிக்கொண்டேன். இவ்வளவு நன்றாக நான் அதுவரை செய்ததில்லை.

முதல் தடவை ஒட்டுவதற்கு வீட்டுக்கே வரச் சொன்னார். பஸ்ஸில் வியர்த்துக் கலைந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். மூன்றாவது மாடி, இரண்டு அறை. அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் மனைவி சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து ஜன்னல் பக்கம் போட்டார்.

"காலையில இருந்து ஒரு வாய் சாப்பிடலைக்கா. இண்டர்வியூக்குப் போற மாதிரி இருக்காரு" என்று என்னிடம் சொன்னார்.

உச்சந்தலையைத் துடைத்து, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை வளைத்து ஒட்டி, முடியை வைத்து அழுத்தினேன். அவருடைய காதோர முடியோடு சேரும் இடத்தில் கத்தரி நுனியை விட்டுக் கலந்தேன். வகிட்டை எடுத்துச் சீவினேன். பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"நரை போட்டிருக்கீங்க."

"ஐம்பத்துமூணு வயசுக்கு நரை இல்லாம எப்படி சார்? கறுப்பா வெச்சா பாத்ததும் சிரிப்பாங்க."

"ஒரு மாதிரி இருக்கு மேடம்."

"மொத நாள் எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. ரெண்டு நாள்ல பழகிடும்."

"இது…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கவிழ்த்துத் தொடையில் வைத்தார். என் வேலையைப் பார்த்து வாயடைத்துப் போய்விட்டார் என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"ரொம்ப இயற்கையா இருக்குங்க" என்றார் மனைவி. அவர் இந்த வீட்டுக்கு வந்தபோது மாமனார் உயிரோடு இல்லை. அந்த வீட்டில் மாமனாரின் படம் ஒன்றுகூட மாட்டியிருக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

"போங்க சார், சூடு ஆறுறதுக்குள்ள போய்க் காட்டுங்க" என்று நான்தான் முதுகில் தட்டி அனுப்பினேன். எழுந்தவர் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு திறந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒரு துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். சின்ன உடம்பு. இரண்டு பேர் பிடித்தால்தான் எழுந்து நிற்பார் என்று மருமகள் அப்போதுதான் சொல்லியிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் யாரும் பிடிக்காமல் எழுந்து நின்றார். துண்டு கீழே விழுந்தது.

"வாங்க" என்றார். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "இன்னிக்கு சீக்கிரமா வந்துட்டீங்க."

"அம்மா, நான்தாம்மா."

மகன் ஓர் அடி எடுத்து வைத்தார் பாவம், கையை நீட்டிக்கொண்டு. அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் மடக்கித் தலைக்கு மேலே வைத்துக்கொண்டார். ரொம்ப நாள் பழகிய ஆளுக்குத்தான் அவ்வளவு சரியாக, அவ்வளவு வேகமாக அது வரும்.

"பையன் இங்க இல்லைங்க. வெளையாடப் போயிருக்கான். அதை அவன் உடைக்கலைங்க, நான்தான் கை தவறிப் போட்டுட்டேன். என்னை அடிச்சுக்குங்க, நான் சத்தம் போட மாட்டேன்." பிறகு உதடு அசைகிறதா இல்லையா என்று தெரியாதபடி, கட்டிலுக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துச் சொன்னார்: "வெளிய வராதடா."

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. காதோரத்தில் முப்பது, முன்பக்கத்தில் பதினைந்து. மகன் சொன்ன அடையாளத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மூன்று வாரம் உட்கார்ந்து அந்த மனிதனை முடி முடியாகக் கட்டி, இவள் அறைக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். இருபத்தாறு வயதுப் பையனைக் கேட்டார். கேட்டதைச் செய்து கொடுத்திருந்தால் என்ன? ஊரே சிரித்திருக்கட்டுமே. என் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

லிஃப்ட்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்து இழுத்தார். புது டேப் லேசில் விடாது, திரவம் போட்டுத்தான் எடுக்க வேண்டும். "சார், தோல் வந்துரும்" என்று நான் கத்தினேன். அவர் காதில் விழவில்லை. தோலும் கொஞ்சம் வந்தது. முடியைக் கையில் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். காதுக்கு மேலே ஒரு கோடாக ரத்தம் கசிந்தது.

அம்மா கைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். மகனின் வழுக்கைத் தலையைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு வந்தது.

"டாக்டர்! நல்ல வேளை வந்தீங்க. அவர் போயிட்டாரா?"

"போயிட்டாரும்மா."

"கீழே நிக்கிறாரா பாருங்க."

"இல்லம்மா. போயிட்டாரு. இனிமே வரமாட்டாரு."

"நிஜமாவா?"

"நிஜமாம்மா."

அம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிடிக்கப் போன மருமகளின் கையைத் தட்டிவிட்டார். குனிந்து, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினார். அங்கே ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் ஒரு ஜோடிச் செருப்பும் மட்டும் இருந்தன.

"வாடா" என்றார். "வாடா கண்ணு. அவர் போயாச்சு. அம்மாதான் இருக்கேன், வாடா."

அப்படி ஒரு குரலில் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. லிஃப்ட்காரர் அவர் பக்கத்தில் மண்டியிட்டார். முடியை எங்கே போட்டார் என்று தெரியவில்லை, கை காலியாக இருந்தது. அந்தக் கையால் அம்மாவின் தோளைத் தொட்டார்.

"அம்மா, இங்க பாரும்மா. நான் வந்துட்டேம்மா."

அம்மா திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, பயமும் இல்லை. நல்ல மரியாதையோடு, அவர் மார்பில் கையை வைத்து மெதுவாகத் தள்ளினார்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க டாக்டர். புது ஆளைப் பாத்தா அவன் வெளிய வரமாட்டான்."

அவர் எழுந்துபோய்ச் சுவரோரமாகத் தள்ளி நின்றார்.