கொழுப்பு ஒட்டாத கைகள்

உடன்பிறந்தவளின் கை என்ன விலை பெறும்? அக்காவைக் கேட்டிருந்தால், தங்கையின் கை தனக்குக் கிடைக்கக் கடையையும் மாடி வீட்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருப்பாள். இடது கைக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துக் கேட்டுப் பார்த்திருப்பாள்.

இருவரும் சேர்ந்து நடத்தியது பெண்களுக்கான துணிக்கடை. கையில்லாத சட்டை புதிதாக வந்தால் தங்கைதான் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். சதை தொங்காத, நரம்போடிய, முறுக்கேறிய கை. வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்ததும் தங்கள் அளவையே மறந்துவிடுவார்கள். அக்காவுக்குக் கல்லாதான் இடம். அவள் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்துவரும்.

"அதே அம்மா, அதே அடுப்பு. நான் தண்ணி குடிச்சாலே ஊதுறேன். இவ வெண்ணெயை வழிச்சுத் தின்னாலும் கையில ஒட்ட மாட்டேங்குது," என்று வந்தவர்களிடமே புலம்புவாள்.

"வயிறு எரியாதே, மூட்டை. அந்தச் சூட்டுலயும் சதை போடும்," என்பாள் தங்கை.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் குழாயில் சற்று நேரம் நின்றதும், மேலே பாலாடைபோல வெள்ளையாகக் கொழுப்பு படிந்தது. கணையம் வீங்கியிருந்தது, சர்க்கரையும் ஏறிக் கிடந்தது. இவ்வளவு மெலிந்த கைகால்காரிக்கு ரத்தத்தில் இவ்வளவு கொழுப்பா என்று சந்தேகப்பட்டு மரபணு டாக்டரிடம் அனுப்பினார்கள்.

சோதனை முடிவோடு டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்தார். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் உட்கரு இருக்கு. அது உருக்குலையாம உள்பக்கமா ஒரு வலை தாங்குது. அந்த வலையைச் செய்யுற மரபணுவுல இவங்களுக்கு ஒரு எழுத்து மாறியிருக்கு. வலை நொய்ஞ்சு உட்கரு பிதுங்குது. கைகால்ல கொழுப்பைச் சேர்த்து வைக்கிற செல்லுங்க அதனால நிலைக்கிறதில்ல."

"நல்லதுதானே டாக்டர்? எனக்கும் அதை மாத்திவிடுங்க," என்றாள் அக்கா.

"நீங்க கடைக்காரங்கதானே? குடோன் இடிஞ்சுபோச்சு, சரக்கு வண்டி மட்டும் வந்துட்டே இருக்கு. சரக்கு எங்க போகும்? ஈரலுக்கு, ரத்தத்துக்கு. நாளைக்கு இதயத்துக்கும் ஆபத்து."

அக்காவின் சிரிப்பு நின்றது. அம்மா நெஞ்சுவலியில்தான் சீக்கிரம் போனாள். அந்த மாற்றம் அவளிடமிருந்து வந்திருந்தால் அக்காவுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளும் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள்.

முடிவு வரும்வரை தினமும் காலையில் தன் புஜத்தைக் கிள்ளிப் பார்த்தாள். எப்போது கரையும் என்று ஏங்கிய சதையை, இருக்கிறதா என்று இப்போது தடவினாள்.

"பத்திரமா இருக்கா உன் சொத்து?" என்றாள் தங்கை. குரலில் கிண்டல் இல்லை.

அக்காவுக்கு அந்த மாற்றம் இல்லை என்று முடிவு வந்தது. ஆஸ்பத்திரிப் படியில் தங்கை உட்கார்ந்துவிட்டாள்.

"நீயும் துணைக்கு வருவேன்னு நினைச்சேன்."

"அப்படி நினைக்கலாமாடி?"

"நினைக்கலாம். இத்தனை வருஷம் நீ என் கையை முறைச்ச. இனிமே நான் உன் தொடையை முறைக்கிறேன்."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதும் அந்தக் கையை ஓரக்கண்ணால் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"அம்மாகிட்ட இருந்து உனக்கு மூக்கு, குரல், கோபம், நல்ல எழுத்து," தங்கை விரல் மடக்கினாள். "எனக்கு முடி, நடை, பிடிவாதம், டாக்டர் சொன்ன அந்தக் கெட்ட எழுத்து. ஆளுக்கு நாலு. எனக்கு வந்ததுல ஒண்ணு செல்லாது. அதை யார் ஈடுகட்டுறது?"

"நான்தான்."

"எதை வெச்சு?"

அக்கா கல்லாவில் உட்கார்ந்தவள்போல விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். தனக்கு நாலு, தங்கைக்கு மூன்று, ஒன்று பாக்கி.