தங்கச்சி கேட்ட தடம்

அம்மாவின் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுக் கோகிலவாணி நிமிர்ந்தபோது, காளியண்ணன் மாமா பிறந்த வீட்டுக் கோடியோடு பந்தலுக்குள் வந்தார். நல்ல சேலைதான். ஆனால் அம்மா தன் அண்ணனிடம் கேட்டது சேலை இல்லை.

அவள் கேட்டது, அவருடைய தோட்டத்து ஓரமாக ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்குத் தடம். பக்கத்து ஊர் நூல் மில்லுக்குப் போகிற பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பைபாஸில் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டாமே என்றுதான். கிராமசபையில் முதலில் கையைத் தூக்கியவரே மாமாதான். "என்ற தங்கச்சி கேட்டு நான் இல்லீன்னு சொல்லுவனா?" என்றார். அம்மா அன்றைக்குத் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். பஞ்சாயத்தில் கிராவல் கொட்ட வந்த வாரம், மாமா கம்பிவேலி போட்டுவிட்டார். தென்னங்கன்று நட்டிருக்கிறாராம். கன்றுக்குக் கிடைத்த காவல் கூடப்பிறந்தவளுக்குக் கிடைக்கவில்லை.

நேற்றுக் காலை ஷிப்டுக்குப் போன அம்மாவைப் பைபாஸில் லாரி அடித்துப் போட்டுவிட்டது.

கோடியைப் போர்த்திவிட்டு மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய்யழுகை என்று சொல்ல முடியவில்லை. கோகிலவாணிக்கு அதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

"மெயின் ரோட்டு வழியாவே சுடுகாட்டுக்குப் போயிரலாமுங்களா?" என்று பங்காளி ஒருவர் கேட்டார்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். "ரோட்டுல வேண்டாமுங்க. லாரிக்காரன் கண்ணுமண்ணு தெரியாம வாரான். சனத்துக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? நம்ம தோட்டத்துலயே போயிரலாம். வேலியக் கழட்டச் சொல்லிட்டனுங்க."

அம்மாவோடு மில்லுக்குப் போகும் அங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தடம் கேட்டு மாமா வீட்டு வாசலில் நின்று அம்மா சொன்னதும் இதையேதான்.

"மாமா, இன்னிக்குப் பொறவும் வேலி தொறந்தே இருக்குமுங்களா?" என்றாள் கோகிலவாணி.

"இப்ப என்ன சாமி அந்தப் பேச்சு? மொதல்ல அவள நல்லபடியா எடுக்கலாம்."

பாடை தோட்டத்துக்குள் போனது. வேலி வரைக்கும் வந்த பெண்கள் வீடு கழுவத் திரும்பினார்கள். கோகிலவாணி மட்டும் அங்கேயே நின்றாள்.

சுடுகாட்டு வேலை முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். கடைசியாக வந்த மாமா கன்றுகளை மிதிக்காமல் தாண்டி வந்து, கம்பியை இழுத்துத் தன் கையாலேயே முறுக்கினார்.

"ஆடு பூந்துரும் சாமி," என்றார், அவள் எதுவும் கேட்காமலே.

சாயங்காலம், ராத்திரி ஷிப்டுக்கு லீவு கிடைக்காத அங்கம்மாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். கம்பிக்கு உள்ளே தடம் நெடுகச் சாமந்தி சிதறிக் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சைக்கிளைப் பைபாஸ் பக்கம் திருப்பினாள்.