வில்லன் என்ற சொல்

விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் குரூப் டூ தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும். அன்று பொது ஆங்கிலம். அரங்கநாதன் சார் பலகையில் ‘வில்லன்’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

“இது எங்கருந்து வந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா? வில்லேஜுக்குக் கூடப்பொறந்தது. கிராமத்துல இருக்கறவன் வில்லன். காட்டான், முரடன். அப்படியே கெட்டவன்னு ஆயிடுச்சு. வெள்ளைக்காரன் கரெக்டாதான் பேர் வெச்சிருக்கான். சேத்துல நின்னுக்கினு இருக்கறவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே.”

வகுப்பே சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் இருந்த வேணியும் சிரித்தாள்.

வேணிக்கு ஊர் ஓமந்தூர்ப் பக்கம். பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறாள். வாரத்தில் ஓய்வு கிடைப்பது ஒருநாள்தான், அந்த ஒருநாளும் இந்த வகுப்புக்குப் போய்விடும். மத்தியானம் பஸ் ஏறி, விக்கிரவாண்டி தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பத்துப் பெண்கள் குனிந்து நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா முனியம்மாளும் இந்நேரம் எங்கேயோ ஒரு கழனியில் இப்படித்தான் நின்றுகொண்டிருப்பாள்.

காலையில் தான் சிரித்த சிரிப்பு அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காது மடல் சூடேறியது. சார் சொன்னதைவிடத் தான் சிரித்ததுதான் தாங்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்திச் சிரிக்கவைக்கவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்திருக்கிறாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை விட்டதும் நேராக நூலகத்துக்குப் போனாள். தடித்த ஆங்கில அகராதியையும், சொற்களின் பிறப்பைச் சொல்லும் இன்னொரு நூலையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணை. அந்தப் பண்ணையில் வேலை செய்தவனுக்கு அதிலிருந்தே பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது ஆண்டையின் நிலத்தோடு கட்டப்பட்ட உழவனைக் குறித்தது. ஆண்டை உத்தரவில்லாமல் அவன் பண்ணையை விட்டுப் போக முடியாது. மகளைக் கட்டிக்கொடுக்கவும் ஆண்டையிடம் அனுமதி வாங்க வேண்டும். பிறகு அதே சொல் இழிபிறப்பாளன் ஆயிற்று, ஈன புத்திக்காரன் ஆயிற்று, அயோக்கியன் ஆயிற்று, கடைசியில் நாடகத்தில் கதாநாயகனுக்கு எதிரே நிற்பவன் ஆயிற்று. பிரெஞ்சில் இன்றும் அதற்கு அசிங்கமானவன் என்று ஒரு பொருள் உண்டு.

இதில் எந்த இடத்திலும் அந்த உழவன் யாருக்கும் தீங்கு செய்ததாக ஒரு வரி இல்லை. உழைத்தான், அவ்வளவுதான். அந்த உழைப்பில் சாப்பிட்டவர்கள் அவன் பெயரையே வசவாக்கியிருக்கிறார்கள்.

வீட்டில் முனியம்மாள் முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வேணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“எம்மா, தாத்தா ஆண்டை ஊட்ல படியாளா இருந்தாருன்னு சொல்லுவியே, வேற ஊட்டுக்கு வேலைக்குப் போக வுடமாட்டாங்களா?”

“எங்க வுடுவாங்க? ஒங்க அத்த கண்ணாலத்துக்கே ஆண்டை ஊட்டு வாசல்ல போய் நின்னுக்கினு இருந்தாரு. மூணு நாள் நின்னப்புறம்தான் சரின்னாங்க. இப்ப எதுக்கு அதெல்லாம்?”

“ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லை என்று சொன்ன வாய்க்குள் கசந்தது. கடல் தாண்டி, எத்தனையோ நூறு வருஷம் தள்ளி, யாரோ ஒருவன் இதே மாதிரி ஒரு வாசலில் நின்றிருக்கிறான். அவன் பெயரைச் சொல்லி அவள் சிரித்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கும் முன்பே வேணி எழுந்து நின்றாள்.

“சார், போன வாரம் வில்லன்னு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னீங்க. அது தப்பு சார்.”

படித்ததை வரிசையாகச் சொன்னாள். நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. அரங்கநாதன் சார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“சரிம்மா, நான் ஜோக்குக்குச் சொன்னது. ஒன்ன யாரு சொன்னா?”

“என்னத்தான் சார் சொன்னீங்க. எங்கம்மா சேத்துல நிக்கறவங்கதான். இங்க ஒக்காந்துக்கினு இருக்கறவங்கள்ல பாதிப் பேரு வீட்லயும் அதான். நாங்களும் சேந்து சிரிச்சோம். அதான் எனக்கு ஆத்திரமா இருக்குது.”

“எக்ஸாம்ல இதெல்லாம் கேக்க மாட்டான். டைம் வேஸ்ட் பண்ணாத, ஒக்காரு.”

“கேக்கலன்னா நீங்க ஏன் சார் சொன்னீங்க?”

சார் பலகைப் பக்கம் திரும்பி வினைச்சொற்களை எழுத ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த அருணா வேணியின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். “எதுக்குடி பேஜாரு? வுடு” என்றாள் மெல்ல.

வேணி விடுவதாகத்தான் இருந்தாள். மறுவாரம் சொற்பிறப்புக் குறிப்புகளை அச்சடித்து முன் பெஞ்சில் கட்டாக வைத்திருந்தார்கள். சார் இன்னும் வரவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் அப்படியே இருந்தது: ‘வில்லன் – கிராமத்தான், முரடன், ஆகவே கெட்டவன்.’

அந்த ‘ஆகவே’யைப் பார்த்ததும் அவள் கட்டை மடியில் எடுத்து வைத்து, நீலப் பேனாவால் ஒவ்வொரு பிரதியிலும் வரியை அடித்து, மேலே எழுதத் தொடங்கினாள். முப்பத்தைந்து பிரதிகள். பத்தாவது பிரதியில் கை வலித்தது. அருணா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாதிக் கட்டைப் பிடுங்கிக்கொண்டு, “என்ன எழுதணும், சொல்லு” என்றாள்.

சார் வந்து கட்டிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டு, வாசித்துக்கொண்டே போனார். பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றார். தாண்டிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வகுப்பே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது. அவர் வாசித்தார்.

“வில்லன். பண்ணையை விட்டுப் போக உரிமை இல்லாத உழவன். உழைப்பைத் தின்றவர்கள் அவன் பெயரை வசவாக்கினார்கள்.” நிமிர்ந்தார். “யாரு கையெழுத்து இது?”

வேணி எழுந்தாள். அருணாவும் எழுந்தாள்.

“அச்சடிச்ச நோட்ஸ்ல கிறுக்கக் கூடாது. அடுத்த தடவ இப்படிப் பண்ணா வெளிய அனுப்பிடுவேன்” என்றார் சார். வில்லனைப் பற்றி அவர் வேறொன்றும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்.

வேணிக்குக் கோபம் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. உட்கார்ந்து, பேனாவை மூடாமல், அவர் அடுத்துச் சொல்லப்போகும் அர்த்தத்தைக் கவனித்தாள்.