பச்சை, மஞ்சள், கொக்கு

1

இதுவரை உலகில் எழுதப்பட்ட எல்லாக் கதைகளிலும் ஆசிரியர்கள் தங்கள் பாத்திரங்களில் சிலரை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அன்று மதியம் அவர் சாப்பிட்டாரா என்று ஒருவரும் எழுதவில்லை. எழுத்து தோன்றிய நாளிலிருந்து நடந்துவரும் இந்த அக்கிரமம் இன்றோடு முடிகிறது. இந்தக் கதைக்குள் காலெடுத்து வைத்த ஒருவரையும் நான் வெளியே அனுப்பப் போவதில்லை. உலக இலக்கியத்தில் இது முதல் முறை. சரிபார்த்துவிட்டேன்.*

(* கல்லூரி நூலகத்தில், பூட்டாமல் கிடந்த ஒரே அலமாரியில்.)

கதை பிறந்த விதத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அக்கா ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. தற்காலிகப் பணி; வருடா வருடம் புதுப்பிப்பார்கள், அல்லது மாட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் வந்தவள் கைப்பையை நாற்காலியை நோக்கி எறிந்தாள். பை நாற்காலியில் விழவில்லை. அவள் எடுக்கவும் இல்லை.

"காலேஜ் சுவர்ல ஏதோ பத்திரிகைன்னு ஒட்டுறியே, அதுல உங்க பிரின்சிபால் தொப்பையைத் தவிர வேற எதுவும் எழுத மாட்டியா?"

"தொப்பைக்கு வாசகர்கள் ஜாஸ்தி அக்கா."

"என் கிளாஸ்ல ஒரு புள்ளைய உயிரோட கணக்குலேருந்து எடுத்துட்டாங்கடா. இதை எழுது."

எழுதுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: காலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் பள்ளியின் கூரையைத் தழுவிய அந்த இனிய

[பள்ளிக்குத் தகரக் கூரை. தழுவினால் கதிரவனுக்கே கொப்புளம் வரும்.]

தொடக்கம் இரண்டு: கல்வி என்பது

[இப்படி ஆரம்பித்தவர் யாரும் தானாக நிறுத்தியதில்லை. மைக்கைப் பிடுங்கவேண்டியிருக்கும்.]

தொடக்கம் மூன்று: ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு பலகை இருந்தது.

இது போகும். பலகையில் பிள்ளைகளின் பெயர் எழுதிய சீட்டுகள் குத்தியிருக்கும். ஐம்பதுக்கு இருபது எடுத்தால் தேர்ச்சி. தேறியவர் பச்சைச் சீட்டு, நூலிழையில் தவறியவர் மஞ்சள், ரொம்பக் கீழே இருப்பவர் சிவப்பு. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் ஆசிரியைகள் சீட்டுகளை மாற்றிக் குத்துவார்கள்.

எரிச்சலோடு ஓர் உண்மையைச் சொல்கிறேன்: பலகை நல்லதாகத்தான் ஆரம்பித்தது. பயிற்சி கொடுக்க வந்த ஓர் அம்மா, "மார்க்கைப் பாக்காதீங்க, எந்த இடத்துல தப்பு விடுறாங்கன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா விடைத்தாள்களை வீட்டுத் தரை முழுக்கப் பரப்பிவிட்டாள். நான் சமையலறைக்குச் சுவரோரமாகப் பல்லி மாதிரி போய்வந்தேன்.

அந்தத் தாள்களில் நாலு மார்க் வாங்கிய ஒன்றுதான் கொக்கினுடையது. கேள்வி கேட்டால் ஒற்றைக் காலில் நின்று யோசிக்கும் பெண் என்பதால் வகுப்பு வைத்த பெயர். அக்கா அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் எண்களாகக் கொடுத்த கணக்கெல்லாம் சரி. வாக்கியமாகக் கேட்டதெல்லாம் வெற்றிடம். மறுநாள் ஒரு கேள்வியை வாய்விட்டு வாசித்துக் காட்டினாள்.

"கூடையில முப்பத்திரண்டு பந்து இருந்துச்சு. பதினேழு உருண்டு போச்சு. மீதி எத்தனை?"

"பதினஞ்சு டீச்சர். யாரு உருட்டிவிட்டாங்க?"

கணக்கு வந்தது. வாசிக்கத்தான் வரவில்லை. அன்றிலிருந்து மதிய இடைவேளையில் அக்கா அவளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த தேர்வில் கொக்கு பதின்மூன்று வாங்கினாள். பள்ளியில் வேறு எந்தப் பிள்ளையும் ஒரே தாவலில் இவ்வளவு ஏறியதில்லை.

3

"பதிமூணு சார்! நாலுலேருந்து!"

"இருபது இல்லையேம்மா" என்றார் தலைமையாசிரியர். ஆசிரியைகள் அவர் இல்லாதபோது அவரைச் 'சதவீதம்' என்பார்கள்.

"ஒன்பது மார்க் ஏறியிருக்கா சார்."

"நாலும் ஃபெயில், பதிமூணும் ஃபெயில். நமக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்க கிளாஸ்ல ஒரு பையன் பத்தொன்பதுல நிக்கிறான் பாருங்க, அவனை ஒரே ஒரு மார்க் நெட்டித் தள்ளுங்க. மதிய நேரமெல்லாம் இனிமே மஞ்சளுக்கு மட்டும்."

இந்த இடத்தில் நான் ஒரு நகைச்சுவை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். வரவில்லை. நாலிலிருந்து பதின்மூன்றுக்கு மூச்சுமுட்ட ஏறியவள் ஏறவே இல்லை. பத்தொன்பதிலிருந்து இருபதுக்குக் கால்மாற்றி நின்றவன் பள்ளியைத் தூக்கி நிறுத்திவிட்டான். இந்தக் கணக்கை மூன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டால் சிவப்பு மையால் சுழிப்பார்கள். பெரியவர்கள் போட்டால் அதற்குப் பெயர் திட்டம். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று தேடத்தான் அந்தப் பலகையை மாட்டினார்கள்; அதை வைத்தே எந்தப் பிள்ளையைத் தேடவேண்டாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வைத்தியரிடம் போனால் நாடி பிடித்துப் பார்த்து, "உங்களுக்கு முத்திப்போச்சு, நீங்க கிளம்புங்க, லேசா ஜலதோஷம் இருக்கறவங்க உள்ள வாங்க" என்றால் நாம் அவரை என்ன

[வாக்கியத்தை முடித்தால் சுவரில் ஒட்ட விடமாட்டார்கள்.]

4

சதவீதத்துக்கு ஒரு மீசை வைத்தேன். முறுக்கிய மீசை. அக்கா படித்துவிட்டு, "மீசையெல்லாம் கிடையாதுடா. மழை பெஞ்சா சின்னப் புள்ளைங்களைத் தன் குடையில கூட்டிட்டுப் போய் ரோடு தாண்டிவிடுவாரு. முழுக்க நனைஞ்சு வருவாரு" என்றாள்.

இவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படிக் கோபப்படுவது? மீசையை எடுத்தேன். தேர்ச்சி குறைந்தால் பள்ளியை மூடி இன்னொன்றோடு சேர்த்துவிடுவார்கள் என்று அவருக்கு மேலிருந்து மிரட்டல். சரி, கோபத்தை மேலே ஏற்றலாம் என்று கல்வி அலுவலகம்வரை போனேன். அங்கேயும் சுவரில் ஒரு பலகை. அதில் பள்ளிகளின் பெயர்கள், அதே மூன்று நிறம். அதற்கு மேலேயும் ஏதோ சுவர் இருக்கும். ஆகவே கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல், விலாசம் கிடைக்காத மூட்டையைப்போலத் தலையிலேயே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கழுத்து வலிக்கிறது.

நல்லவர் அடுத்துச் சொன்னது இது. அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அடைவுத் தேர்வு வைக்கப்போகிறார். வந்து எழுதியவர்களை வைத்துத்தான் சதவீதம். வராதவர் கணக்கில் வரமாட்டார். எனவே சிவப்புப் பிள்ளைகளின் வீட்டுக்கு ஃபோன் செய்து, அன்று அனுப்பவேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

மாப்பிள்ளையிடம், கல்யாணத்துக்கு மட்டும் வந்துவிடாதீர்கள் என்று எப்படிப் பக்குவமாகச் சொல்வது?

5

கொக்கின் அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுபவர். அக்கா அவரைக் கூப்பிட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.* எதிர்முனையில் ஆவி சீறியது.

(* கலைக்காக.)

"டீச்சரா! ஐயோ, நானே பேசணும்னு இருந்தேன். உங்களால வீட்டுல நிம்மதி போச்சு."

"என்னங்க ஆச்சு?"

"சோப்பு டப்பா, பஸ் டிக்கெட், ஒண்ணை விடறதில்ல. எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி உயிரை வாங்குறா. நேத்து அவங்க அப்பா மாத்திரை அட்டையைப் படிச்சிட்டு, 'இது மாட்டுக்குப் போடுறதாப்பா'ங்கிறா. அவரு அப்படியே வெலவெலத்துப் போயிட்டாரு. இல்ல டீச்சர், தப்பாத்தான் படிச்சிருக்கா, ஆனா படிக்கிறா பாருங்க! பரீட்சைன்னதும் பென்சில் வேற சீவிச் சீவி பாதியாக்கிட்டா. ஆமா, என்ன விஷயமா கூப்பிட்டீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லீங்க. அன்னிக்கு முந்தின நாள் சீக்கிரம் தூங்கவைங்க."

மறுநாள் தலைமையாசிரியரிடம், "சொல்லிட்டேன் சார்" என்றாள். பொய்தான். எங்கள் வீட்டு ஆள் சொன்ன ஒரே உருப்படியான பொய்.

6

தேர்வன்று கொக்குதான் முதலில் வந்தாள். தலைமையாசிரியர் அவளைத் தாழ்வாரத்தில் பார்த்தார். அலுவலக ஆள் ஏற்கெனவே வகுப்புக்குள் உட்கார்ந்திருந்தார். அக்கா வினாத்தாள் கட்டோடு வாசலில் நின்றாள்.

தலைமையாசிரியர் கொக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "கண்ணு, லைப்ரரி ரூம்ல புத்தகமெல்லாம் கலைஞ்சு கிடக்கு. நீதான் போய் அடுக்கி வைக்கணும். செய்வியா?"

"பரீட்சை, சார்?"

"அது இன்னொரு நாள் வரும்."

கொக்கு ஒற்றைக் காலில் நின்றாள். அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "போகட்டுமா டீச்சர்?"

இந்த இடத்துக்கு மூன்று பதில்கள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் அக்கா கட்டைத் தூக்கி எறிந்து வசனம் பேசுகிறாள். [சினிமா.] இன்னொன்றில் அலுவலக ஆள் எட்டிப் பார்த்து, "யாரந்தப் புள்ள, உள்ள வரட்டும்" என்கிறார். [கனவு.] மூன்றாவது நடந்தது. அக்கா, "போம்மா" என்றாள். கதவைச் சாத்தினாள்.

"ஏன்க்கா?" என்று அன்று சாயங்காலம் வீட்டில் கத்தினேன். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்னடா, எழுதி ஒட்டிட்டு கைதட்டல் வாங்கிட்டுப் போயிடுவ. என் வேலை அந்தச் சதவீதத்துலதான் தொங்குது. நான் போயிட்டா அவளுக்கு யாரு சொல்லிக்கொடுப்பா?"

"இப்ப மட்டும் யாரு சொல்லிக்கொடுத்துக் கிழிச்சா?"

மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். அவள் அழவில்லை; அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு, "பரீட்சை முடிஞ்சு நான் அந்த ரூமுக்குப் போனேன். அவ என்ன பண்ணிட்டிருந்தா தெரியுமா?" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அதை அப்படியே ஏழாம் பகுதியாக எழுதினேன்.

8

ஒட்டுவதற்கு முன் கதையை நண்பர்கள் ஐந்து பேரிடம் கொடுத்து, பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். எங்கே பிசகுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். எழுதுகிறவனுக்கு அது அவசியம்.

இரண்டு பேர் எட்டு போட்டார்கள். இரண்டு பேர் ஐந்து. "ஏழாவது இழுக்குது மச்சி" என்றார்கள் நால்வரும். ஐந்து போட்டவர்கள் இன்னும் கொஞ்சம் கவனித்தால் மேலே வரக்கூடியவர்கள். அவர்களுக்காகத்தான் தகரக் கூரையையும் மாப்பிள்ளையையும் சேர்த்தேன்.

ஐந்தாமவன் எறும்பு. உதட்டை அசைத்து, வரிவரியாக ஊர்ந்து படிப்பவன். மற்றவர்கள் டீ குடித்து முடித்த பிறகும் ஏழாம் பகுதியிலேயே இருந்தான். அதைக் கொக்கு வாசிக்கிற வேகத்திலேயே எழுதியிருந்தேன்.

"டேய், அவ அந்தப் பக்கத்தை முழுசா முடிச்சுட்டா இல்ல? யாரும் பக்கத்துல இல்லாம?"

"ஆமா."

"இங்கேயே நிறுத்திடேன். இதுக்கப்புறம் என்னடா இருக்கு?"

"எத்தனை போடுற?"

"ரெண்டு. ரெண்டும் இந்த ஒரு பக்கத்துக்கு."

சுவர் இதழில் இடம் குறைவு. எங்காவது சுருக்கத்தானே வேண்டும்.

9

முடிவை வாசகர்கள் கையில் ஒப்படைப்பதாக இருக்கிறேன். இரண்டு தயார். முதலாவதில் அக்கா ராஜினாமாக் கடிதத்தை மேசையில் அறைந்துவிட்டு வருகிறாள். இரண்டாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சிக்காகத் தலைமையாசிரியருக்குக் கேடயம் கொடுக்கிறார்கள். அது அவர் கால்மேல் விழுகிறது. இரண்டுமே வேகமாகப் போகின்றன.

இன்று காலை எல்லோரையும் கூப்பிட்டுத் திருத்திய பிரதியைக் கொடுத்தேன். எறும்பும் வந்து முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான். ஒட்டுவதற்குப் பசை இல்லை, கடைத்தெருவரை போய் நல்லதாகப் பார்த்து வாங்கிவா என்றேன். உடனே எழுந்து போனான்.

பிறகு மார்க் கேட்டேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது.