கனிசியஸுக்குச் செய்த மெழுகுதிரி

யாழ்ப்பாணம் குருநகரில் யசிந்தாவின் பிள்ளைகள் தகப்பனுக்குப் பாலன் பிறக்கும் நத்தாருக்குப் பரிசாகச் செய்த மெழுகுதிரி எரிய எரிய வளர்ந்தது. தொண்ணூறாம் ஆண்டு அது ஒரு சாண். தொண்ணூற்றைந்தில் ஓர் ஆள் உயரம்.

தகப்பன் கனிசியஸ் தொண்ணூறு ஐப்பசியில் கடலுக்குப் போனவன். வள்ளம் மட்டும் பாசையூரில் கரை ஒதுங்கியது. யுத்தம் என்று மெழுகுதிரிக்கும் அப்போது அரசாங்கத்தின் தடை. அதைக் கொண்டு குருநகரார் எந்தக் கோட்டையைப் பிடிப்பார்கள் என்று கொழும்பில் பயந்தார்களோ தெரியாது. மிஞ்சியிருந்த கடைசித் திரிகளையும் சனம் ஆத்துமாக்கள் திருநாளன்று சேமக்காலைக்குக் கொண்டுபோய்க் கல்லறைகளில் கொளுத்திவிட்டு இருட்டு வீட்டுக்குத் திரும்பியது. மறுநாள் எட்டு வயதுப் பேதுருவும் ஐந்து வயது ரெஜினாவும் கல்லறைகளில் வழிந்து காய்ந்த மெழுகைக் கரண்டியால் சுரண்டி வந்தார்கள். யசிந்தா அதைப் பால்பேணியில் உருக்கினாள். பேதுரு பப்பாசி இலைத் தண்டின் அடியைக் களிமண்ணால் அடைத்தான். தகப்பன் உடுத்த சாரத்தில் உருவிய நூலை ரெஜினா நடுவில் நேராகப் பிடிக்க, தாய் வார்த்தாள். கனிசியஸின் தமக்கை லூர்த்தம்மா கண்டு பதறினாள்.

"செத்தவையின்ரை மெழுகிலை உயிரோடை இருக்கிற என்ரை தம்பிக்குப் பரிசோ? விசரே உனக்கு?"

"உயிரோடை இருக்கிறார் எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள் மச்சாள். அது காணும்."

நத்தார் காலையில் கொளுத்தி வைத்துப் பூசைக்குப் போய் வந்து பார்த்தால், திரி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. நெருப்புப்பெட்டிக்கும் தட்டுப்பாடு என்பதால் அயலட்டை காவோலையோடு வந்து அடுப்புக்கு நெருப்பு எடுத்துப் போனது. வேறு கதை எழவில்லை.

தொண்ணூற்றிரண்டில் கிராம அலுவலரான விதானையார் பங்கீட்டுக் கூப்பன் மட்டையில் கனிசியஸின் பெயரைச் சிவப்புக் கோட்டால் வெட்டி, நாலு பேரை மூன்று பேராக்கினார். யசிந்தா அவர் மேசையில் ஓங்கி அடித்தாள். "பிள்ளையள் பரிசு செய்து வைச்சிருக்குதுகள். செத்தவனுக்கு ஆர் பரிசு செய்யிறது?" அவர் சட்டம் என்றார். கனிசியஸை விழுங்கிய கடலின் மேலும், அங்கே சுட்டுத் திரிந்த கடற்படைக்காரர் மேலும் இருந்ததைவிட அந்தச் சிவப்புக் கோட்டின் மேல்தான் அவளுக்குக் கோபம். மூன்று வருடம் அந்தக் கோபம் ஆறவேயில்லை. ஏன் ஆறவேண்டும்?

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் ஆமி நெருங்க, ஊரையே ஒரே நாளில் வெளிக்கிடச் சொன்னது இயக்கம். பேதுரு திரியைச் சைக்கிளில் நிமிர்த்திக் கட்டினான். நாவற்குழிப் பாலத்தில் கொட்டிய மழையிலும் அது அணையவில்லை. முன்னால் நெரிபட்ட கிழவர் ஒருவர் திரும்பி, "தம்பி, என்ரை குடையிலை நெருப்புப் படாமல் பிடி" என்று மட்டும் சொன்னார்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளின் பெயர் பதிந்துகொண்டிருந்தவர் அதே விதானையார். அவரும் நனைந்து, ஒற்றைச் செருப்போடு வந்திருந்தார்.

"எத்தினை பேர்?"

"நாலு," என்றாள் யசிந்தா, பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தாய், மகன், மகள், கனிசியஸின் உயரத்துக்கு நின்று எரிகிற திரி. நாலு என்று எழுதினார். மழை இருட்டில் அடுத்த வரி அவருக்குத் தெரியவில்லை.

"அவரைக் கொஞ்சம் கிட்ட வரச் சொல்லு பிள்ளை," என்றார்.

பேதுரு சைக்கிளை மேசையடிக்கு உருட்டி வந்தான்.