ஆள் உயரத்துக்கு மேலே

மாடியறையின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அளவு நாடாவின் ஒரு நுனியைத் தியாகராசன் பிடித்திருந்தார். மறுநுனியைப் பிடிப்பதற்காக அவருடைய சேவகன் பாலகுரு பக்கத்து வீட்டு மதில்மேல் ஏறி, சறுக்கி, வேட்டியில் பாசி அப்பிக்கொண்டு ஒருவழியாக நின்றான். மேரி என்று ஊரே சொல்லும் பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தில் கட்டடங்களைப் பார்வையிடுவது தியாகராசன் வேலை. தலையில் வெள்ளைக்காரத் தொப்பி. அதை அவர் வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை.

"ரொம்பக் கிட்டம்மா. அடுத்த வீட்டு எல்லைக்கு இவ்வளவு கிட்ட ஜன்னல் வைக்கக் கூடாது. கல்லு வச்சு அடைச்சிரணும்."

மாடிப்படித் திரைக்குப் பின்னாலிருந்து ஷரீபுன்னிசா கேட்டாள்: "அடைச்சிட்டா காத்து எங்கேருந்துங்க வரும்?"

"காத்தப் பத்தி சட்டத்துல ஒண்ணும் சொல்லலம்மா."

வீடு ஷரீபுன்னிசாவுடையது. அவர்கள் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். அவள் கணவர் நூகு அப்படித்தான் வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் சைகோனுக்குக் கப்பலேறிக் கடை வைத்துவிட்டார். இப்போது மகள் சஃபியாவுக்குத் தை மாதம் நிக்காஹ். மாப்பிள்ளைக்கென்றே இந்த மாடியறை எழும்பியது. தெற்கிலும் வடக்கிலும் அடுத்தவர் சுவர், மேற்கில் படிக்கட்டு. கிழக்கு ஒன்றுதான் பாக்கி. கடற்காற்றும் அங்கிருந்துதான் வரும். அதை அடைத்தால் புது மாப்பிள்ளையைக் கருவாட்டுப் பானைக்குள் குடிவைத்த மாதிரிதான்.

"யாருங்க பிராது குடுத்தது?"

தியாகராசன் தொண்டையைச் செருமினார். மதில்மேல் நின்ற பாலகுரு கீழே இருந்த வீட்டைக் கண்ணால் காட்டினான். திரைக்குப் பின்னாலிருந்தும் அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

குஞ்சம்மாள்! படகுக்காரர் உத்திராபதியின் மனைவி. இந்த மதிலுக்கு மேலாக எத்தனை கொடுவா மீன் இந்தப் பக்கம் வந்திருக்கிறது, எத்தனை வட்டிலப்பம் அந்தப் பக்கம் போயிருக்கிறது. சஃபியாவுக்குப் பேதி கண்டபோது விடிய விடிய உட்கார்ந்திருந்தவள். நேரே வந்து ஒரு வார்த்தை கேட்க முடியாமல் மேரிக்கு நடந்து போயிருக்கிறாள்.

அன்றோடு மதில் ஊமையாகிவிட்டது. குஞ்சம்மாள் வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை வந்தால் ஷரீபுன்னிசா சாம்பிராணி போட்டாள். இங்கே சாம்பிராணிப் புகை எழுந்தால் அங்கே குஞ்சம்மாள் கோழிகளைக் கூடுதல் சத்தத்தோடு விரட்டினாள். ஜன்னலை மட்டும் ஷரீபுன்னிசா அடைக்கவில்லை. மழை அடித்தபோதும் வீம்புக்குத் திறந்தே வைத்ததில் புதுப்பாய் நனைந்து நாறியது.

ஐப்பசியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. தெருவெங்கும் வெடி, தோரணம். ஷரீபுன்னிசா கற்கண்டு வாங்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பினாள், ஒரு வீட்டைத் தவிர. கூரை ஓடு மாற்ற வந்த கொத்தனார் தங்கப்பனிடம் பெருமையாகவே சொன்னாள்: "சட்டம் போட்ட வெள்ளைக்காரன் கப்பலேறிட்டான். இனிமே எவன் வந்து ஜன்னலை அடைக்கச் சொல்றான், பாப்பம்."

அடுத்த வாரமே தியாகராசன் வந்து நின்றார். அதே நாடா, அதே பாலகுரு. தொப்பி மட்டும் இல்லை. தொப்பி இல்லாத தலையில் ஒரு வழுக்கை இருப்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

"கொடிதாம்மா மாறிச்சு. சட்டம் கப்பலேறல. நானும் ஏறல."

"நீங்களாச்சும் ஞாயத்தச் சொல்லுங்க. ஒரு பொம்பள, இன்னொரு பொம்பள வீட்டுக்குக் காத்து வரக் கூடாதுங்கிறா. இது என்ன மனசு?"

தியாகராசன் நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காத்தச் சொல்லலம்மா அவங்க. கிணத்தடியிலதான் அவங்க குளிக்கிறது. இன்னிக்கு நீங்க இருக்கீங்க, சரி. நாளைக்கு இந்த ரூமுக்கு மாப்பிள்ளை வந்துருவாருல்ல. அந்நிய ஆம்பள கண்ணு மேலேருந்து விழுமேன்னுதான்..."

தெருவில் இறங்கினால் வெள்ளைத் துப்பட்டியைக் கண்வரை இழுத்துக்கொள்கிறவள் ஷரீபுன்னிசா. இப்போதும் இவரிடம் திரைக்குப் பின்னால் நின்றுதான் வழக்காடிக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலில் நின்று எத்தனையோ தடவை கீழே பார்த்திருக்கிறாள்; கிணறு தெரிந்தது, துவைகல் தெரிந்தது, அது இன்னொருத்தி குளிக்கிற இடம் என்று மட்டும் தோன்றவில்லை. அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஜன்னல் வைத்த புதிதில் குஞ்சம்மாள் ஒருநாள் வந்து, முந்தானையைத் திருகிக்கொண்டே, வழக்கம்போல அக்கா முறை வைத்து, "லாத்தா, அந்த சன்னலு..." என்று ஆரம்பித்தாள். "பாத்தியாடி, காத்து அள்ளிக்கிட்டு வருது!" என்று குறுக்கே விழுந்து, அவளை மேலே இழுத்துக்கொண்டு போய்க் காற்றைக் காட்டியவள் ஷரீபுன்னிசாதான். குஞ்சம்மாள் காற்றைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கிப் போனாள்.

"வேற வழி ஒண்ணும் இல்லீங்களா?" இப்போது குரல் தணிந்திருந்தது.

"இருக்கு. ஜன்னலை மேல தூக்கிரலாம். உள்ள ஒரு ஆளு நின்னா வெளிய தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

"எந்த ஆளு?" என்று கேட்டார், ஓட்டு வேலை முடியாமல் இன்னும் மேலேயே இருந்த தங்கப்பன். கொத்தனாருக்கு அளவு வேண்டுமல்லவா?

தியாகராசன் யோசித்தார். சட்டத்தில் ஆள் யார் என்று இல்லை. கடைசியில் தானே சுவரோடு முதுகை ஒட்டி விறைத்து நின்றார். தங்கப்பன் அவர் வழுக்கைக்கு மேலே கரித்துண்டால் கோடு போட்டார். பழைய தொப்பி இருந்திருந்தால் இன்னும் இரண்டு வரிசைக் கல் வாங்கியிருக்க வேண்டும்.

ஜன்னல் உச்சிக்குப் போனது. அறைக்குள் நின்று பார்த்தால் வானம் மட்டும் தெரிந்தது. காற்று வந்தது, உத்தரத்தோடு வந்து உத்தரத்தோடு போனது. சஃபியா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "போங்கம்மா, காத்து வாங்கணும்னா ஏணி வேணும்."

தை வந்தது. நூகுவும் மாப்பிள்ளை காஜா மைதீனும் ஒரே கப்பலில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையை நூகு சைகோனிலேயே பார்த்துப் பேசி முடித்திருந்தார். தொழுகை தவறமாட்டார், கடைக்கணக்கில் புலி என்றெல்லாம் எழுதியிருந்தார். அனுப்பிய படத்தில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிக்காஹ் முடிந்து அவர் வீட்டுக்குள் வந்தபோது, நிலைப்படியில் குனிந்தார்; கூடத்து விளக்குக்குக் குனிந்தார்; மாடிப்படி வளைவில் இன்னொரு தடவை குனிந்தார். ஷரீபுன்னிசா மனசுக்குள் தியாகராசனை அவர் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். கல்யாணத்துக்கு உத்திராபதி வந்து சாப்பிட்டுப் போனார். கூடை நிறைய இறால் வந்தது. குஞ்சம்மாள் வரவில்லை.

மறுநாள் காலை ஷரீபுன்னிசா அடுப்படியில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். மேலே ஜன்னல் கதவு திறக்கும் சத்தம். மாப்பிள்ளை காற்று வாங்கப் போகிறார் போலும்.

கிணற்றடியில் குஞ்சம்மாள் அப்போதுதான் முதல் வாளியை இழுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் குளிக்க ஆரம்பிக்கவில்லை. தற்செயலாக நிமிர்ந்தவளுக்கு, சட்டப்படி ஒருவரும் தெரியக் கூடாத ஜன்னலில் முதலில் ஒரு தொப்பி, அடுத்து ஒரு நெற்றி, பிறகு தூக்கம் கலையாத இரண்டு கண்கள், மூக்கு வரைக்கும் தெரிந்தன. கண்கள் அவளைப் பார்த்துப் பதறின.

அடுப்படியில் இரண்டு சத்தங்கள் ஒன்றாகக் கேட்டன. மேலே 'ணங்'கென்று மண்டை ஜன்னல் சட்டத்தில் மோதியது. மதிலுக்கு அப்பால் வாளி கயிற்றோடு கிணற்றில் விழுந்தது.

இடியாப்ப உழக்கைப் பிடித்தபடியே ஷரீபுன்னிசா கொல்லை வாசலுக்கு வந்தாள். யா அல்லா, மறுபடி மேரி, மறுபடி நாடா. இந்தத் தடவை மாப்பிள்ளையையே அளப்பார்கள்.

மதிலுக்கு அப்பால் முதலில் இருமல் மாதிரி ஒன்று கேட்டது. அப்புறம் அடக்கப் பார்த்து முடியாமல் பீறிட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவள் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

"லாத்தா! மாப்பிள்ளைய எங்கேருந்து புடிச்சீங்க, பாய்மரம் மாதிரி?"

ஷரீபுன்னிசாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பாவி, தலையில அடிபட்டிருக்குமோ என்னவோ! உனக்குச் சிரிப்பு வருதா?"

"வாளி போச்சு லாத்தா. பாதாளக்கரண்டிய எடுத்துக்கிட்டு வாங்க."

"சன்னலுக்கு என்னடி செய்யறது?"

"அது கெடக்கு. ரெண்டு கீத்து முடைஞ்சு கிணத்தடிய மறைச்சு நான் தட்டி கட்டிக்கிறேன். முதல்ல வாங்க."

துப்பட்டியைத் தேடக்கூட நேரமில்லாமல் ஷரீபுன்னிசா கொல்லைக் கதவு வழியாக ஓடினாள். இருவரும் கிணற்றுச் சுவரில் வயிறு பதியக் குனிந்து, கயிற்றில் கட்டிய கரண்டியை இறக்கித் துழாவினார்கள். மழை முடிந்த கிணற்றில் தண்ணீர் மேலேயே நின்றது. இரண்டு முகங்களும் அதில் கலங்கிக் கலங்கிச் சேர்ந்தன. தலைக்கு மேலே, ஆள் தெரியாமல் ஒரு நீண்ட கை மட்டும் வெளியே வந்து, ஜன்னல் கதவைச் சத்தமில்லாமல் இழுத்து, காற்று வருவதற்கு ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தியது.