கணக்கில் வராத ஆம்பியர்

தண்டையார்பேட்டையில் அந்த வீட்டுக்கு ஒரே மெயின் ஃபியூஸ். கீழே வீட்டுக்காரர் அலெக்ஸாண்டரும் அவர் மனைவி எல்சியும். மாடியில் வாடகைக்கு மலரும் அவள் மகள் ஞானசெல்வியும். மலர் இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் குடும்பம் ஓடியது. ஒரு வாரமாகக் காலையில் கிரைண்டர் ஓடும்போதெல்லாம் ஃபியூஸ் போனது.

எல்சி படிக்கட்டடியில் நின்று கத்தினாள். "மலரு! உன் கிரைண்டருதான் கரண்ட்ட குடிக்குது. ஞாயித்துக்கெழமையோட நிறுத்திக்க. இல்லாங்காட்டி வேற வூடு பாத்துக்க!"

ஞானசெல்விக்குப் பதில் பேச வராது. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், கணக்குப் போட வரும். ஒவ்வொன்றின் வாட்டையும் இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்துக்கொண்டே போனாள். கிரைண்டர் ஒன்று புள்ளி ஆறு ஆம்பியர். மேலும் கீழும் ஃபிரிட்ஜ், ஃபேன், டிவி, விளக்கு எல்லாம் சேர்த்தும் ஐந்தைக் கொஞ்சம்தான் தாண்டியது. பத்து ஆம்பியர் ஃபியூஸ் இதற்கா போகும்? இந்த வீட்டில் வேறு ஏதோ ஒன்று ஒளிந்துகொண்டு தின்கிறது.

சனிக்கிழமை கடல்காற்றில் அவள் துப்பட்டா கொல்லைப்புறம் பறந்துவிட்டது. எடுக்கப் போனவள், திறந்திருந்த கீழ்வீட்டுக் குளியலறையில் அலெக்ஸாண்டரின் லுங்கிக்குப் பின்னால் ஒரு பிளக் எட்டிப்பார்ப்பதைக் கண்டாள். மாடிக்கு ஓடி, கல்லூரி நாளில் வாங்கிய மல்டிமீட்டரை எடுத்துவந்து, பிளக்கின் இரண்டு கால்களிலும் வைத்தாள். இருபத்தாறரை ஓம். இருநூற்று முப்பதை அதால் வகுத்தால் எட்டு புள்ளி ஏழு ஆம்பியர். லுங்கியை விலக்கினால் இரண்டாயிரம் வாட் ஹீட்டர் ராடு!

எல்சியோ, "எங்கூட்டுக்காரரு டிசம்பர் பனிலயும் பச்சத்தண்ணிதான், ஹார்பர்ல கிரேன் ஓட்ன ஒடம்பு" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"இன்னா பாப்பா, இங்க இன்னா நோண்டிக்கினு கீற?" தோளில் துண்டுடன் குளியலறை வாசலில் அலெக்ஸாண்டர்.

ஞானசெல்வி மல்டிமீட்டரை நீட்டினாள். "இருபத்தாறரை ஓம், அங்கிள்."

"அப்டீன்னா?"

"எட்டு புள்ளி ஏழு ஆம்பியர்."

"அப்டீன்னா?"

"பச்சைத்தண்ணி இல்லைன்னு அர்த்தம்."

அவர் சட்டென்று கதவைச் சாத்திப் பார்த்தார், பிறகு அது சரியில்லை என்று பட்டுத் திறந்துவிட்டார். சமையலறையிலிருந்து எல்சியின் குரல்: "யாராண்ட பேசிக்கினு கீற?"

"பைப்ப பாத்துக்கினு கீறேன், எல்சி!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "மானத்த வாங்கிடாத கண்ணு. முட்டி வலி. போன வாரந்தான் இத வாங்கனேன், காலைல உங்க கிரைண்டரு ஓடற நேரந்தான் குளிக்கறேன். இவ ஊரெல்லாம் பீத்தி வெச்சுட்டா, இப்போ வெந்நீர்னா சிரிப்பாங்க."

"அம்மா கிரைண்டர் ஓடணும், அங்கிள்." தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "ஆயிரம் வாட் ராடா மாத்துங்க. ரெசிஸ்டன்ஸ் ரெண்டு மடங்கு, கரண்ட் பாதி. எல்லாம் சேர்த்து ஒன்பதரைதான் வரும், ஃபியூஸ் தாங்கும்."

"தண்ணி சூடாவுமா?"

"ஆகும். ரெண்டு மடங்கு நேரமாகும். ஜெபம் பண்ணிக்கிட்டிருங்க."

ஞாயிறு பூசை முடிந்து எல்சி மாடிக்கே வந்துவிட்டாள், பின்னால் அலெக்ஸாண்டர். "மலரு, உன் கிரைண்டர்ல தப்பு இல்லியாம். மெயின்ல லூஸ் கனெக்சனாம். எங்கூட்டுக்காரரே டைட் பண்ட்டாரு."

மலர் கையெடுத்துக் கும்பிட்டாள். சந்தோஷத்தில் அப்படியே கேட்டுவிட்டாள். "ஆர்டர் நிறைய வருதுண்ணே. இன்னொரு கிரைண்டர் போட்டுக்கவா?"

"போட்டுக்கம்மா, இன்னா இப்போ!" என்றார் அவர் தாராளமாக.

"அது ஒண்ணு புள்ளி ஆறு, அங்கிள்," என்றாள் ஞானசெல்வி தலை நிமிராமல். "கூட்டினா பதினொண்ணு தாண்டிடும். கீழ ஏதாவது ஒண்ண நிறுத்தணும்."

"கீழ எத நிறுத்தணும்?" என்றாள் எல்சி, கணவனைத் திரும்பிப் பார்த்து.

"மாடிக்குத் தனி லைன் இழுத்துடலாம் எல்சி," என்றார் அலெக்ஸாண்டர் அவசரமாக. "நாளைக்கே."